‘கை’க்கு நீக்கம், ‘பேசாதவ’ருக்கு அறிவுரை

அனுப்புநர்
சே. ஸ்ரீவர்ஷினி (வயது 15),
த/பெ. சேஷகிரி,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
திருத்தணி.
(இம்மனு பலர் கைக்குப் போகக்கூடும் என்பதால் பள்ளியின் பெயரையும் என் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைத்துள்ளேன்.)

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
முதன்மைக் கல்வி அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: பள்ளியில் கைப்பற்றப்பட்ட பச்சை அட்டை நோட்டில் எழுதப்பட்டிருந்த கற்பனைக் கொலையாளர் சபையில் ‘பேசாதவர்’ என்னும் தலைமைப் பதவி வகித்தது நானே எனத் தெரிவித்தல் – ‘கை’ என்னும் கீழ்ப்பதவி வகித்த மாணவி இ. ஜெமிமாவுக்கு வழங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழைத் திரும்பப் பெற்று, அவர் பொதுத்தேர்வு எழுத ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் 14.11.2024 அன்று கையொப்பமிட்டுக் கொடுத்த கடிதம்.
2. மாணவி இ. ஜெமிமாவுக்கு 18.11.2024 அன்று வழங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதற்கண் ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன். பார்வை 1-இல் குறிப்பிட்ட கடிதத்தில் நான் எழுதியது பொய். அந்தப் பொய்யை ஆதாரமாக வைத்துத்தான் பார்வை 2-இல் உள்ள சான்றிதழ் வழங்கப்பட்டது. தாங்கள் பணி மிகுந்தவர். இதற்குமேல் படிக்க நேரமில்லை என்றால் இந்த மூன்று வரிகளை மட்டும் கருத்தில் கொண்டு நடவடிக்கை எடுத்தாலும் போதும். நேரம் இருந்தால், நடந்ததைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. என் தந்தை மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல் பணி செய்கிறார். என் தோழி ஜெமிமாவின் தந்தை திரு. இஸ்ரேல் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். நானும் ஜெமிமாவும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வகுப்பில் கதைப் புத்தகம் படிக்கிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். நூலகத்தில் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து மூன்று நாளில் மாற்றிக்கொள்வோம். படிக்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோன பிறகு, கடந்த ஜூன் மாதம், நாங்களே ஒரு கதை எழுதுவது என்று முடிவு செய்தோம். அதற்காக வாங்கியதுதான் அந்தப் பச்சை அட்டை நோட்டு.

2. கதையின் பெயர் ‘மறைபடிச் சபை’. ஒரு மலை நாட்டில், கொடியவர்களைக் கொல்வதற்காக ரகசியமாக இயங்கும் ஒரு சபை. எங்கள் ஊரில் மலைக்கு ஏறும் படிகளைப் பார்த்து வளர்ந்ததால், சபையின் பதவிகளையும் படிகளாக வைத்தேன். முதற்படி ‘தூசி’: புதிதாகச் சேர்பவர், கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் படி ‘கை’: ஆணையை நிறைவேற்றுபவர். மூன்றாம் படி ‘கண்’: நடந்ததைப் பார்த்து வந்து சொல்பவர். நான்காம் படிதான் உச்சி. அதில் இருப்பவருக்குப் ‘பேசாதவர்’ என்று பெயர். யார் சாக வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். அதை ஓலையில் எழுதுவார், வாயால் சொல்லமாட்டார். சபை கூடும்போது அவருடைய இடம் காலியாகவே இருக்கும். அவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக்கூடாது.

3. நோட்டின்படி சபையில் நாற்பத்தொரு பேர். உண்மையில் இருவர். தூசியாகவும் கையாகவும் ஜெமிமா இருந்தாள். கண்ணாகவும் பேசாதவராகவும் நான் இருந்தேன். பதவிகளைப் பிரித்துக்கொண்டபோது எனக்கு எது வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு எது வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. நோட்டு என் கையில் இருந்தது. நான் எழுதினேன். இதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

4. ‘கொலை’ என்று நாங்கள் எழுதியதன் பொருளையும் தாங்கள் அறிய வேண்டும். இறக்க வேண்டியவருடைய வாசற்படியில் மஞ்சள் பூசி ஒரு குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். அவர் அதைத் தாண்டி வந்துவிட்டால் இறந்துவிட்டார் என்று நோட்டில் எழுதிவிடுவோம். அதன் பிறகு அவரைப் பார்த்து யாரும் பயப்படக்கூடாது. அவ்வளவுதான். அக்டோபர் மாதம் வரை ஆறு பேரைக் கொன்றோம். ஆறு பேரும் நான் கற்பனை செய்த அமைச்சர்களும் படைத்தலைவர்களும் ஆவர். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை ஏழாவதாக எழுதினேன். அதுவும் நான் எழுதியதுதான்.

5. அவர் எங்கள் கணித ஆசிரியர் திரு. கஜபதி ஐயா அவர்கள். அவர் பாடம் நடத்தினால் வேறு டியூஷன் தேவையில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் தாமதமாக வருகிறவர்களை வகுப்பு வாசற்படியில், வெளியே, முதல் பாடவேளை முடியும்வரை நிற்கவைப்பார். எங்கள் பள்ளியில் காலை வழிபாடு 9.10 மணிக்கு. ஜெமிமா வரும் டவுன் பஸ் ஆர்.கே.பேட்டை வழியாக வந்து சேர 9.20 ஆகிவிடும். அதற்கு முந்தைய பஸ் கிளம்பும் நேரத்தில் அவள் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். ஆகவே, கணிதம் முதல் பாடவேளையாக வரும் நாட்களில், ஜூன் முதல் நவம்பர் 8 வரை முப்பத்தேழு நாட்கள் அவள் வாசற்படியில் நின்றாள். அதில் இரண்டு நாள் மழை. தேதிகள் எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. கண் என்ற முறையில் குறித்து வைத்தேன்.

6. நானும் தாமதமாக வந்ததுண்டு. மாதாமாதம் கிருத்திகையன்று கூட்டத்தில் தெருவைக் கடக்க முடியாது. அப்பாவுக்கு மாற்று வேட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஐந்து முறை பத்து மணிக்கு மேல் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கஜபதி ஐயா, “சாமி வேலையா? உள்ள வாம்மா” என்றார். வாசற்படியில் நின்றுகொண்டிருந்த ஜெமிமாவைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அவள் எனக்கு வழிவிட ஒதுங்கினாள். ஐந்தாவது முறை என் இடத்தில் உட்கார்ந்த பிறகு எனக்குக் கணக்கு ஏறவில்லை. அன்றைக்குத்தான் ஓலையை எழுதினேன்.

7. ஜெமிமாவிடம் அதைக் கொடுத்தபோது அவள் படித்துவிட்டு, “வேணாம்டி வர்ஷி. சார் பாவம். எங்க பஸ்ஸு லேட்டுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?” என்றாள். நான், “கை கேள்வி கேட்கக்கூடாது, விதி நான்கு” என்றேன். அவள் சிரித்துவிட்டு, “சரிங்க மகாராணி” என்று வாங்கிக்கொண்டாள். மேற்படி சொற்களை நான் மிகைப்படுத்தவோ குறைக்கவோ இல்லை.

8. 08.11.2024 வெள்ளிக்கிழமை மாலை சிறப்பு வகுப்பு முடிந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், எங்கள் வகுப்பு வாசற்படியில் அவள் மஞ்சளைக் கரைத்துப் பூசினாள். மஞ்சளும் குங்குமமும் என் வீட்டிலிருந்து நான் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தவை. எங்கள் வீட்டில் அவை டப்பா டப்பாவாக இருக்கின்றன. ஜெமிமா வீட்டில் குங்குமம் கிடையாது, அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. படிக்கு எப்படிப் பூசுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் படி முழுவதும் பூசி, மிச்சத்தையும் வீணாக்க வேண்டாம் என்று அதன்மேலேயே ஊற்றிவிட்டு, பொட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மஞ்சளும் குங்குமமும் யார் வீட்டிலிருந்து வந்திருக்கும் என்ற ஒரு கேள்வியை விசாரணையில் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேர் நெற்றியையும் பார்த்திருந்தாலே போதும்.

9. இனி எழுதப்போவது எங்கள் இருவருக்கும் தெரியாமல் நடந்தது. நவம்பர் 14 குழந்தைகள் தினத்திற்காக, வெள்ளிக்கிழமை மதியம் எல்லா வகுப்பு வாசற்படிகளுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மஞ்சள் சுண்ணாம்பில் பட்டால் சிவக்கும். மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, காரத்தில் சிவப்பாகும் என்று நாங்களே சோதனை செய்து, படம் வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் எனக்கு அது தோன்றவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகு பூசிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிய ஜெமிமாவுக்கும் நிறம் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது படி முழுவதும் ரத்தம் காய்ந்ததுபோல் இருந்தது. கஜபதி ஐயா அதன்மேல் காலை வைத்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. நான் முதல் பெஞ்சில் இருந்தேன். அதுவரை எனக்குச் சிரிப்பாக இருந்தது.

10. அன்று மாலை கஜபதி ஐயா வீட்டுக்குப் போகும்போது ரயில்வே கேட் அருகில் ஜல்லியில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டது. செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறை முழுவதும் செய்வினை என்ற பேச்சு. பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள் மூன்று பேர் உள்ளனர். அவர்களில் ஒருவர்கூட அந்தப் படியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கவில்லை. விட்டிருந்தால் மறுபடி மஞ்சளாகியிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, கற்பூரம் ஏற்றினார்கள்.

11. 13.11.2024 புதன்கிழமை பைகளைச் சோதனையிட்டார்கள். எல்லார் பையையும் சோதனையிட்டதாகத் தங்களுக்கு அறிக்கை வரலாம். கடைசி இரண்டு வரிசைகளை மட்டுமே சோதனையிட்டார்கள். முதல் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த ஜெமிமாவை ஜூலை மாதம் கஜபதி ஐயா கடைசி வரிசைக்கு மாற்றியிருந்தார், தாமதமாக வந்து முன்னால் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று. நோட்டு அவள் பையில் இருந்தது. என் அம்மா என் பையைத் துழாவிப் பார்ப்பார் என்பதால் அதை அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

12. தலைமையாசிரியர் திருமதி அபிராமசுந்தரி அம்மையார் அறையில் விசாரணை நடந்தது. நோட்டில் சபை உறுப்பினர்களின் பெயர்கள் இல்லை, பதவிகள் மட்டுமே உள்ளன. ஆகவே எந்தப் பதவி யாருடையது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எப்படி முடிவு செய்தார்கள் என்பதைத்தான் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். ‘கை’ என்பவர் கொலை செய்பவர் என்று படித்தார்கள். உடனே எல்லாருடைய பார்வையும் ஜெமிமா பக்கம் போனது. மீதி நாற்பது பேர் யார் என்று அவளைக் கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. சபையின் உறுப்பினர் பெயரைச் சாகும்வரை சொல்லக்கூடாது என்பது விதி இரண்டு. அதைத் திமிர் என்று எழுதிக்கொண்டார்கள்.

13. பிறகு, அறை வாசலில் காத்திருந்த என்னை உள்ளே அழைத்தார்கள். அந்த நோட்டு முழுவதும் என் கையெழுத்து. மாவட்ட அளவில் பரிசு வாங்கிய கையெழுத்து. அறிவிப்புப் பலகையில் திருக்குறள் எழுதுகிறவளும் நான்தான். அவர்களுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. தலைமையாசிரியர் அம்மையார் நோட்டைப் புரட்டிவிட்டு, “இது உன் கையெழுத்துதானே? அவ சொல்லச் சொல்ல எழுதிக் குடுத்தியா?” என்று கேட்டார். நான் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் ஜெமிமா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “மஞ்சா பூசனது நான்தான் மிஸ்” என்று மட்டும் சொன்னாள். அது உண்மை. அம்மையார் என்னைப் பார்த்து, “பயந்துகினு இருக்குது பாவம். தண்ணி குடுங்க இதுக்கு” என்றார். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

14. ஐயா, அவள் பேசாமல் இருந்ததும் நான் பேசாமல் இருந்ததும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் நடந்தவை. அவளுடைய மௌனம் திமிர் என்றும் என்னுடையது பயம் என்றும் பதிவாயின. இரண்டுமே தவறு. அவள் விதியைக் காப்பாற்றினாள். நான் பேசாதவர் பேசக்கூடாது என்ற விதிக்குள் ஒளிந்துகொண்டேன்.

15. மறுநாள் 14.11.2024. மைதானத்தில் குழந்தைகள் தினப் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பெற்றோரை வரவழைத்திருந்தார்கள். என் தந்தைக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். திரு. இஸ்ரேல் அவர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். சட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. அவரை அறை வாசற்படியிலேயே நிறுத்திப் பேசினார்கள். “உங்க பொண்ணு கொலைகாரக் கும்பல் சேத்துக்கினு இருக்குது, தெரியுமா?” என்றார் தலைமையாசிரியர் அம்மையார். அவர், “எத்தினி பேரும்மா செத்தாங்க?” என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தந்தையும் மகளைப் போலத்தான் என்று ஒருவர் சொன்னார். இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் தரப்படவில்லை. ஆதலால் நான் தருகிறேன்: ஒருவரும் இல்லை.

16. என் தந்தையிடம், “நல்ல குடும்பத்துப் பொண்ணு சார். சேர்க்கைதான் சரியில்ல” என்றார்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதும்படி என்னிடம் கூறினார்கள். “மேற்படி மாணவியின் வற்புறுத்தலாலும் மிரட்டலாலும் நான் அந்த நோட்டில் எழுதிக் கொடுத்தேன், அதன் உட்பொருள் எனக்குத் தெரியாது” என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன். ‘உட்பொருள்’ என்பதை அம்மையார் ‘உள்பொருள்’ என்று சொன்னார். நான் திருத்தி எழுதினேன். கையொப்பமிட்டேன். இதுதான் பார்வை 1-இல் கண்ட கடிதம். அதில் உள்ள ஒரு சொல்கூட உண்மையில்லை. அவள் என்னை வற்புறுத்தியது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரு விதியை எழுதச் சொல்லி. அதைப் பின்னர் கூறுகிறேன்.

17. எனக்கு அறிவுரை கூறி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஜெமிமாவுக்கு 18.11.2024 அன்று மாற்றுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ‘நடத்தை’ என்ற இடத்தில் ‘திருப்திகரமாக இல்லை’ என்று எழுதப்பட்டுள்ளது. பெற்றோரே கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பதிவேட்டில் திரு. இஸ்ரேல் அவர்களிடம் கையொப்பம் பெற்றிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, “போலீஸ்ல குடுக்காம விட்டோம்னு நெனச்சுக்கோ” என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்பில் பாதி ஆண்டில், அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது. இரண்டு பள்ளிகளில் கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்றிருக்கிறார்கள்.

18. அரையாண்டுத் தேர்வில் நான் முதலிடம். கணிதத்தில் தொண்ணூற்றெட்டு. ஒவ்வொரு ஆண்டும் எனக்கும் அவளுக்கும் இரண்டு மூன்று மதிப்பெண்தான் வித்தியாசம் இருக்கும். இந்த முறை இரண்டாம் இடத்தில் இருப்பவள் என்னைவிட முப்பத்தொரு மதிப்பெண் குறைவு. கட்டுக்குள் இருந்த கையோடு கஜபதி ஐயா என்னைப் பாராட்டினார். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று நான் மனதார நினைத்தேன். இப்போது கட்டுப் பிரித்துவிட்டார்கள். அவரிடமும் தனியே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். அது என் குற்றம். ஆனால் முப்பத்தேழு நாட்கள் என் குற்றமல்ல.

19. விடுமுறையில், 26.12.2024 அன்று, நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மையார்குப்பத்துக்குப் பஸ்ஸில் போனேன். தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது ஜெமிமாவுக்குக் கேட்கவில்லை. அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். காலையில் மட்டும் செய்துகொண்டிருந்ததை இப்போது நாள் முழுவதும் செய்கிறாள். அவளுடைய அம்மா திருமதி யூனிஸ் அவர்கள் கிறிஸ்துமஸ் முறுக்கும் கேக்கும் தட்டில் வைத்துக் கொடுத்து, “சாப்புடும்மா, உங்க வூட்ல சாப்புட வுடுவாங்களா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டேன். அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. என் கடிதத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பள்ளியில் அவர்களுக்கு அதைக் காட்டவே இல்லை.

20. கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை ஜெமிமா வந்தாள். புத்தகம் ஏதாவது கொண்டுவந்தாயா என்று கேட்டாள், நான் கொண்டுபோகவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் யாரு பேரும் சொல்லலடி வர்ஷி. எங்க நைனா கேட்டாரு, அம்மா கேட்டுச்சு, பாஸ்டர் கூட கேட்டாரு. சபை பேரக்கூட சொல்லல” என்றாள். அவளுக்கு அதில் பெருமை இருந்தது. ஓர் உண்மையான கை என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள். பஸ் வந்துவிட்டது. அப்போதும் நான் பேசவில்லை.

21. இப்போது அந்த விதியைப் பற்றி. ஜூலை மாதம் நாங்கள் விதிகளை எழுதிக்கொண்டிருந்தபோது அவள், “கை மாட்டிக்கினா இன்னா ஆவும்?” என்று கேட்டாள். கை மௌனமாகச் சாகும் என்று எழுதப்போனேன். படித்த கதைகளில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. அவள் நோட்டைக் கையால் மூடிக்கொண்டாள். “அது நாயம் இல்லடி. செய்யச் சொன்னது அவரு, மாட்டிக்கினது கை. அப்போ பேசாதவரு இன்னாத்துக்கு இருக்காரு?” என்றாள். எழுதும்வரை கையை எடுக்கவில்லை. ஆகவே விதி பத்தொன்பதை இவ்வாறு எழுதினேன்: ‘கை பிடிபட்டால், பேசாதவர் ஏழு நாட்களுக்குள் பேச வேண்டும். தன் பெயரைச் சொல்லி, ஆணை தன்னுடையது என்று சொல்ல வேண்டும். பேசியவுடன் அவர் பதவி போய்விடும். பேசாவிட்டால் சபை என்று ஒன்று இல்லை.’ அந்தப் பக்கம் தலைமையாசிரியர் அம்மையாரிடம் இருக்கிறது. அதைப் படித்திருந்தும் பேசாதவர் யார் என்று அவர்கள் தேடவில்லை. சபைக்குத் தலைமை என ஒன்று இருந்தால் அது முதல் பெஞ்சில் இருக்கும் என்று அவர்களால் நினைக்க முடியவில்லை. குற்றம் என்றால் கடைசி வரிசையில்தான் தேடுவார்கள்.

22. நான் பாடப்புத்தகத்தில் படித்ததையும், நேரில் பார்த்ததையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் பள்ளியிலும் நான்கு படிகள் இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. அவற்றுக்குப் பெயர் வைத்து யாரும் நோட்டில் எழுதவில்லை, ஆகவே யார் பையைச் சோதித்தாலும் கிடைக்காது. எங்கள் சபையிலாவது கீழ்ப்படிக்காக மேல்படி பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்தது.

23. நாளை எங்கள் ஊரில் படித்திருவிழா. மலையேறும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே போவார்கள். என் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் வருடம்தோறும் வருவார்கள். நானும் அம்மாவும் போவோம். படிகளுக்கு மஞ்சள் பூசியதற்காக யாரையும் அங்கே விசாரிக்கமாட்டார்கள்.

24. பொதுத்தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியலில் திருத்தம் செய்யக் கடைசி நாள் ஜனவரி 6 என்று எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அதை எழுதியதும் நான்தான். அந்தத் தேதிக்குள் ஜெமிமாவின் பெயர் பட்டியலில் சேரவில்லை என்றால் அவளுக்கு இந்த ஆண்டு இல்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு அவள் நாள் முழுவதும் ஓட்டும் தறி ஒன்று அவளுக்கென்று வந்துவிடும். திருமதி யூனிஸ் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

ஆகவே ஐயா அவர்கள் பின்வருவனவற்றைச் செய்து தரும்படி வேண்டுகிறேன்.

பார்வை 1-இல் கண்ட என் கடிதம் பொய்யானது என்று பதிவு செய்து, அதனைச் செல்லாததாக்க வேண்டும். பச்சை நோட்டைத் தங்கள் அலுவலகத்திற்கு வரவழைத்து இம்மனுவின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கணினியில் அச்சிடாமல் இதை நான் கையால் எழுதியதற்கு அதுவே காரணம். ஜெமிமாவின் மாற்றுச் சான்றிதழையும் அதில் உள்ள ‘நடத்தை’ வரியையும் திரும்பப் பெற்று, ஜனவரி 6-க்குள் அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்க ஆணையிட வேண்டும். 9.20-க்கு வரும் பஸ்ஸில் வருகிறவர்களை வாசற்படியில் நிறுத்தக்கூடாது என்று எழுத்து மூலமாக அறிவுறுத்த வேண்டும். அந்த பஸ்ஸில் ஜெமிமா மட்டும் வருவதில்லை, இன்னும் பதினொரு பேர் வருகிறார்கள்.

நடந்தது தண்டனைக்குரிய குற்றம்தான் என்று தாங்கள் கருதினால், தண்டனையை ஆணையிட்டவருக்கே தாருங்கள். மாற்றுச் சான்றிதழ் என்றால் எனக்கும் அதே வரியோடு தாருங்கள். அறிவுரை என்றால் அவளுக்கும் அதையே கூறி வகுப்புக்கு அனுப்புங்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நோட்டு. இரண்டு தீர்ப்பு இருக்க முடியாது.

இம்மனுவைப் பற்றி என் தந்தைக்கு இன்னும் தெரியாது. “இத்தோட விட்டுடும்மா, பத்தாவது முடியட்டும்” என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, அவர் மலையிலிருந்து இறங்கி வந்தவுடன் சொல்லிவிடுவேன். மனுவின் நகல் ஒன்றை ஜெமிமாவுக்கும் அனுப்புகிறேன். என் கடிதத்தைப் பற்றி அவள் அதிலிருந்து தெரிந்துகொள்வாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசாமல் இருக்கலாம். அந்த உரிமை இப்போது அவளுடையது.

விதிப்படி எனக்கு இருந்தது ஏழு நாள். ஜெமிமா பிடிபட்டு இன்றோடு நாற்பத்தேழு நாள் ஆகிறது. பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்காக அவள் ஒரு பாடவேளை முழுவதும் வெளியே நின்றாள். நான் நாற்பது நாள் தாமதமாக வந்திருக்கிறேன். என்னை எங்கே நிறுத்துவது என்பதைத் தாங்கள் முடிவு செய்யலாம். அவளை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

இணைப்பு: 1. விதி 19, என் நினைவிலிருந்து எழுதியது. 2. முப்பத்தேழு தேதிகள். 3. மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிய வெள்ளைத்தாள் ஒன்று. அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கவும்.

நாள்: 30.12.2024
இடம்: திருத்தணி

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

சே. ஸ்ரீவர்ஷினி
‘பேசாதவர்’, மறைபடிச் சபை
(இன்று வரை)